ஏழு வீட்டுக் காபி

18.8.1996, ஞாயிறு

மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்காரரோடு கிணத்துக்கடவு போனேன். ஏழு வீட்டிலும் சர்க்கரை அள்ளிப் போட்ட காபி, எண்ணெய்ப் பலகாரம். இவருக்குச் சர்க்கரை நோய் வேறு. இதய ரத்தக் குழாயில் வருஷக்கணக்காகக் கொழுப்புப் படிந்து, பாதி அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வீடு ஒப்பித்தேன்.

“ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது அம்மணி. வேண்டாம்னா எங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்க.”

இவரும் சிரித்துக்கொண்டே விழுங்குகிறார். அவர்களுக்கு அது ஒரு நாள். இவருக்கு இன்று மட்டும் ஏழு.

எரிச்சலோடு திரும்பினால், வீட்டில் சம்பந்தி காத்திருந்தார். தட்டை நீட்டினேன்.

“பைபாஸ் பண்ணுன உடம்புங்க, வேண்டாமுங்க” என்று கும்பிட்டார்.

“ஒண்ணே ஒண்ணுங்க, ஒண்ணும் ஆகாதுங்க” என்று மைசூர்பாகை அவர் கையில் வைத்தவள் நான்தான்.

அவரும் சிரித்துக்கொண்டே விழுங்கினார்.