அட்டையில் இரண்டாவது கட்டம்

தேவிகுளம் மலை,
பத்தாம் நம்பர் லயம்,
17.11.1974

மதிப்புள்ள மச்சானுக்கு வேலுத்தாய் எழுதிக்கொண்டது.

பிள்ளைக்குச் சளி விட்டுவிட்டது. எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. இல்லை என்பதை ரத்தம் எடுத்தே சொல்லிவிட்டார்கள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் கொழிஞ்சாம்பாறை போய் ஆசுபத்திரியில் சேர்ந்ததை லாரி டிரைவர் மிக்கேல்ராஜ் வந்து சொன்னார். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களாம். எதற்கு மறைக்க வேண்டும்? திருடிய கையா அது? பன்னிரண்டு வருஷம் இவர்கள் ஃபேக்டரியில் இலை அள்ளிக் கொட்டிய கை.

இங்கே மழை நிற்கவில்லை. லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஆபீசில் சொன்னேன். எழுதிக் கொடு என்றார்கள். கொடுத்தேன். அதே வாரம் துரை பங்களா நாய்க்கு ஊசி போட ஜீப் போய் ஆளைக் கூட்டிவந்தது. கூரைக்கு யாரும் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஜீப்பில் லயத்துக்கு வந்த குஷ்ட ஆசுபத்திரி டாக்டர் உங்கள் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, பெரியமுத்து ஒழுங்காக மாத்திரை சாப்பிடவில்லை, குஷ்டத்துக்கு வேண்டிய மருந்தில் பாதிதான் ரத்தத்தில் இருக்கிறது, அதனால்தான் விரல் மடங்குகிறது என்று சொன்னார் அல்லவா? பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தது நான். தினமும் என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். "மாத்திரையக் கோழிக்குப் போட்டியோ?" என்று கம்பவுண்டர் சிரித்தான். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வெட்கம் என்று நினைத்தேன்.

நீங்கள் போன மூன்றாம் நாள் காலையில் எதிர் லயத்து சுருளியம்மாள் வாசலில் வந்து நின்றாள். "மதினி, அண்ணே எனக்குன்னு ஏதும் வச்சிட்டுப் போனாகளா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் உனக்கு எதுக்குடி வைக்கணும் என்று கேட்டேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். நான் அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஃபேக்டரியில் டீயோடு போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி தினமும் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவீர்களே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஜீப் மறுபடி வந்தது. நான் சுருளியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இவள் ரத்தத்தையும் பாருங்கள் என்றேன். லயமே கூடிவிட்டது. டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. கடைசியில் அவளே, "குத்துங்க சார், இது அடங்காது" என்று விரலை நீட்டினாள். குத்தி எடுத்த ரத்தத்தில் ஏதோ விட்டு, கையால் சுற்றுகிற யந்திரத்தில் வைத்துச் சுற்றி, மேலே தெளிந்த தண்ணீரில் மூன்று புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டார். மருந்து இருந்தால் ஏறும் என்று அவர் சொன்ன ரோஸ் நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. அதே ரோஸ் நிறத்தை வெளிறலிலிருந்து அழுத்தம் வரை ஐந்து கட்டமாகப் போட்ட அட்டையில் வைத்துப் பார்த்தார். இரண்டாவது கட்டம். உங்களுக்கும் அன்றைக்கு இரண்டாவது கட்டம்தான். "இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டு போதும்" என்று பக்கத்து வீட்டுப் பூமாரி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் விரலை நீட்டினேன். உனக்கு எதுக்கு என்று டாக்டர் கேட்டார். பாருங்கள் என்றேன். என்னுடையது வெறும் தண்ணீராகவே நின்றது. ஒன்பது வருஷம் உங்களோடு குடித்தனம் செய்தவள் நான்.

அதற்குப் பிறகுதான் சுருளியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் மேல் கையில், ரவிக்கைக்குள்ளே, தேமல் போல ஒரு படை இருக்கிறதாம். தொட்டால் தெரியாதாம். உங்கள் கையில் அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் இப்படித்தான் அண்ணே என்று அவளே வந்து சொன்னாளாம். வெளியே சொன்னால் நிரந்தரக்காரரான உங்களுக்கு மருந்து. தற்காலிகக்காரியான அவளுக்குப் பெட்டியைக் கட்டு என்பார்கள். அதனால் ஆளுக்குப் பாதி என்று உடைத்தீர்களாம். இருக்கலாம். சொன்னாளா, காட்டினாளா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். பாதி மருந்து பாதி வியாதியைக் குறைக்காது, வியாதிதான் மருந்துக்குப் பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ரொட்டியா பங்கு போட என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்டு என்ன செய்ய? கேட்க வேண்டியது இந்த எஸ்டேட்டை.

கூட்டத்தில் கங்காணி சூசையப்பனும் நின்றிருக்கிறான். நான் அவனைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் வேலையாட்கள் பெயர் எழுதும் செக்ரோலில் சுருளியம்மாள் பெயர் இல்லை. நேற்று முழுக்க அவள் வீட்டில் புகை வரவில்லை. லயத்தில் ஒருத்தரும் இப்போது சிரிக்கவில்லை. செய்தது நான்தான். கோபத்தில் செய்தேன் என்று சொல்லி அதை மறைக்கப் போவதில்லை.

ராத்திரி முழுக்க யோசித்தேன். மருந்து இல்லாமல் அவள் விரலும் மடங்கினால், நீங்கள் திரும்பி வந்து ஆயுசுக்கும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதை என்னால் பார்க்க முடியாது. அதனால் இன்று காலை, நீங்கள் விட்டுப்போன டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முழு மாத்திரை. என் முன்னால் விழுங்க வைத்து, வாயைத் திற என்று நாக்குக்கு அடியிலும் பார்த்தேன். "மதினி" என்று அழ ஆரம்பித்தாள். அழாதே, நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதைப் பாசம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

டப்பா மார்கழி வரைக்கும் வரும். அதற்குள் அங்கே உள்ள டாக்டரிடம் சொல்லி அவள் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மிக்கேல்ராஜிடம் மருந்தைக் கொடுத்துவிட்டால் போதும். உனக்கு அவள் யார் என்று கேட்பார்கள். என் பெண்டாட்டி அனுப்பச் சொன்னாள் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு உறவு ஏதும் சொல்ல வேண்டாம்.

உங்கள் விரல் பழையபடி நிமிர வேண்டும். சாமியிடம் இப்போது அது ஒன்றுதான் கேட்கிறேன். அங்கே தருகிற மாத்திரையை முழுசாக விழுங்குங்கள். யாருக்கும் பாதி கொடுக்காதீர்கள். கொடுக்க வேண்டியதை இங்கே நான் கொடுக்கிறேன்.

உங்கள்,
வேலுத்தாய்