தானா முளைச்ச மரமில்லம்மா அது

என்னைப் பெத்த தங்கம், அம்மா,

கோவத்துலதான் எழுதுறேன். அழுதுக்கிட்டு எழுதறேன்னு நினைச்சுக்காத.

நம்ம லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால நீ வச்ச மங்குஸ்தான் இந்த வருஷம் காய்ச்சிருச்சு. முதல் காய்ப்பு, நீ கண்ணை மூடி எட்டு மாசத்துல. ஆனா எஸ்டேட் ஆபிசுல இருந்து ஆள் வந்து, மரத்துல வெள்ளைப் பெயின்ட்டுல நம்பர் போட்டுட்டுப் போயிட்டாங்க. காய் முழுக்க கஹவத்தை டவுன்ல ஒரு பழ வியாபாரிக்குக் குத்தகையாம்.

இந்தத் தோட்டத்துல கீரை போடலாம், மரவள்ளி போடலாம், மரம் மட்டும் வைக்கக் கூடாது. வச்சா நாளைக்குக் காணி எங்களுதுன்னு சொல்லிடுவோமாம். அதுக்குப் பயந்துதானே நீ அந்த விதையை வாழைக்கு நடுவுல ஒளிச்சு வச்ச? ரப்பர் பால் வெட்டிட்டு வந்ததும், நீ குளிக்கிறதுக்கு முன்னாடி அதுக்குத் தண்ணி. வெயில் அடிச்சா தென்னோலைப் பந்தல். மூணு வருஷமாகியும் முழங்கால் உயரம்கூட வரல. "இது மெதுவாத்தான் வளரும், அவசரப்படாதடி"ன்னு என்னையத் திட்டுவ.

ஒரு நாள் ஃபீல்ட் ஆபிசர் பார்த்துட்டாரு. யார் வச்சதுன்னு அவர் கேட்டதும் நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தானா முளைச்சதுங்க ஐயா"ன்னு சொன்ன. பக்கத்துல நின்ன எனக்கு அவமானமா இருந்துச்சு. மரம் பிழைச்சுது, அது உண்மைதான்.

இப்ப அதையே என்கிட்டத் திருப்பிச் சொல்றாங்கம்மா. ஆபிசுக்குப் போய்க் கேட்டேன். கிளார்க் நிமிந்துகூடப் பார்க்கல. "மே கஸ அபே"ன்னாரு, இது எங்க மரம்னு. அப்புறம் தமிழ்ல, "உங்கம்மாவே தானா முளைச்சதுன்னுதானே சொன்னாங்க? தானா முளைச்சது தோட்டத்துக்குத்தான் சேரும்" அப்படின்னாரு.

மரமே வைக்காதன்னு சொன்ன வாய், பழத்துக்கு மட்டும் எப்படித் தொறக்குது? உன் மேலயும்தான் கோவம். ஏம்மா அப்படிச் சொன்ன? உண்மையைச் சொல்லியிருந்தா அன்னிக்கே வெட்டிப் போட்டிருப்பாங்க, தெரியும். தெரிஞ்சும்தான் கேக்குறேன்.

அவருக்குச் சிங்களத்துலயே பதில் சொன்னேன். எங்கம்மா சொன்னது பொய், பயத்துல சொன்னாங்க, பயமுறுத்தினது நீங்கதான்னு.

நாளைக்குக் குத்தகைக்காரர் வர்றாரு. இன்னைக்கே, பட்டப்பகல்ல, பழுத்ததையெல்லாம் நான் பறிச்சுட்டேன். லயத்துல இருக்கிற பன்னெண்டு வீட்டுக்கும் கொடுத்தாச்சு. திருட்டுன்னு போலீசுக்குப் போனா போகட்டும். பழம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறியா? நல்ல இனிப்பு. ஒண்ணுக்கு மேல எனக்குத்தான் இறங்கல.

விதை காயறதுக்குள்ள நட்டுடணும்னு சொல்லுவியே, நட்டுட்டேன். வாழைக்கு நடுவுல இல்ல, காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துக்குப் போற பாதையோரமா, எல்லாரும் பார்க்கிற இடத்துல. நிழலுக்கு ஓலையும் கட்டியாச்சு. யார் வச்சதுன்னு எவர் வந்து கேட்டாலும், அவர் முகத்தைப் பார்த்து முதல்ல உன் பேர், அப்புறம் என் பேர் சொல்லுவேன். இது உன் மேல சத்தியம்.

உன் வயித்துல பொறந்த வாயாடி,
மக செல்வி