மார்ட்டின்கள் வந்த வருடம்

லாக்ரேஞ்ச், இந்தியானா
ஆகஸ்ட் 19

அன்பு மகள் ரோசானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் உழைத்து, உண்டு, உறங்கி எழுந்துகொண்டிருக்கிறோம், கர்த்தர் ஒரு குறையும் வைக்கவில்லை. மொன்டானாவில் நீயும் மாப்பிள்ளை லைலும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாப்பாட்டு மேசையில் தலை குனியும்போது கேட்டுக்கொள்கிறேன். கால் வீக்கம் குறைந்ததா? சாயங்காலம் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள், வெட்கப்படாதே, லைல் ஒன்றும் சொல்லமாட்டார். விறகுக் கட்டைத் தூக்காதே. தக்காளி இந்த வருடம் அள்ளிக்கொண்டு காய்த்தது, போன வாரம் முழுக்க நானும் உன் தம்பி பெண்டாட்டியும் புட்டியில் அடைத்தோம், இன்னும் கையில் அந்த வாசனை போகவில்லை.

உன் அப்பாவின் பறவைகளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாய். வசந்தத்தில் வந்தன என்று ஒரு வரி எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது, எழுதலாம். நீ இங்கே இருந்தவரை எத்தனை வருடம் அப்பா மார்ட்டின் தகைவிலான்களுக்குக் கூட்டுப் பெட்டி மாட்டிய அந்தக் கம்பம் சும்மா நின்றது என்று உனக்கே தெரியும். மார்ட்டின் வந்து எட்டிப் பார்க்கும் முன்பே சிட்டுக்குருவிகள் எல்லாக் கூட்டிலும் வைக்கோலை அடைத்துவிடும், மிச்சம் இருந்தால் அந்த மைனா ஜாதி ஸ்டார்லிங் நுழைந்துவிடும். நீ கல்யாணமாகிப் போன குளிர்காலத்தில் உன் அப்பா பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. பழைய பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுரைக்குடுக்கைகளைக் காயவைத்து, வெள்ளை பூசி, வாசலை வட்டமாக வெட்டாமல் பிறை மாதிரி படுக்கையாக வெட்டினார். மார்ட்டின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விடுமாம், தடித்த ஸ்டார்லிங்குக்குத் தோள் இடிக்குமாம். பக்கத்துப் பண்ணை வெர்னன் வந்து பார்த்துவிட்டு, "என்ன ஓர்லா, சிட்டுக்குருவிங்களுக்குப் புது வீடு கட்டுறியா, போன வருஷம் குடுத்தது பத்தலையாமா?" என்று கேட்டார். உன் அப்பா குடுக்கை எல்லாவற்றின் வாயிலும் துணியை அடைத்து, கயிறு இழுத்துக் கம்பத்தில் ஏற்றினார். மார்ட்டின் கண்ணில் படும்வரை ஒரு வாசலும் திறக்கப்போவதில்லை என்றார்.

ஏப்ரலில் பால் கறந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது, தொண்டைக்குள் தண்ணீர் உருளுகிற மாதிரி. உன் அப்பா மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கம்பத்து உச்சியில் ஒரு ஜோடி. ஆண் கருநீலமாக, வெயில் பட்டால் ஊதா மின்னுகிறது. இரண்டே இரண்டு குடுக்கையைத் திறந்தார். ஸ்டார்லிங் வந்து பிறை வாசலில் தலையை விட்டுப் பார்த்து, தோள் மாட்டி, திட்டிக்கொண்டே போய்விட்டது. அன்றைக்கு உன் அப்பா சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. பச்சை முதுகுத் தகைவிலான் ஒன்று, கைக்குள் அடங்கிவிடும், அது வந்து ஒரு குடுக்கையைப் பிடித்துக்கொண்டு தன்னைவிடப் பெரிய மார்ட்டினை வானத்தில் விரட்டி விரட்டிக் கொத்தியது. வெர்னன் வேலியில் சாய்ந்துகொண்டு, "அது கூட்டைத் தூக்கி எறிஞ்சிட்டுப் போவியா, யாரு பாக்கப்போறா" என்றார். அதற்கு உன் அப்பா, "அது இந்த மண்ணுப் பறவை வெர்னன். முட்டை வெச்சிட்டா தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. வைக்கிறதுக்குள்ள அதுக்கு வேற எடம் காட்டுறேன், வெளிய தள்ளிட்டு வேடிக்கை பாக்க எனக்கு ஆகாது" என்றார். துணி காயப்போடும் கம்பிக்கு அந்தப்பக்கம், கம்பத்திலிருந்து நன்றாகத் தள்ளி, வேலிக்காலில் தனிப் பெட்டி ஒன்றை அடித்தார். குடுக்கையை மூடிவிட்டு, மாடிச் சன்னலில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். தகைவிலான் இரண்டு நாள் மூடிய வாசலைக் கொத்தியது, மூன்றாம் நாள் பெட்டிக்குள் ஒரு கோழி இறகைக் கொண்டுபோனது. பிறகு கம்பத்துப் பக்கமே வரவில்லை. என் துணிகளுக்கு மேலே பறந்து என்னை மட்டும் விரட்டியது.

சிட்டுக்குருவிதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அது கடல் தாண்டிக் கொண்டுவந்து விட்ட பறவை, அதைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை. கழுத்தில் கருப்புத் துண்டு கட்டின மாதிரி ஒரு ஆண், தகைவிலான் விட்ட குடுக்கையைத் திரும்பத் திறந்ததும் உள்ளே புகுந்துகொண்டது. நீ செய்துகொண்டிருந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன், கயிற்றை இறக்கி அதன் வைக்கோலை வாரி வெளியே போடுவேன், மறுநாள் திரும்பவும் அடைத்திருக்கும். என் தொப்பி நாடாவைக்கூட எங்கிருந்தோ பிடுங்கி வைத்திருந்தது. இதற்குள் மார்ட்டின் பெட்டை ஐந்து முட்டை இட்டிருந்தது, வெள்ளை வெளேரென்று. ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை, குருவிக்கூட்டை வாரிப் போட்டுவிட்டு நான் பட்டாணி உரிக்கப் போனேன். மத்தியானம் கம்பத்தடியில் ஓடுகள் கிடந்தன, ஒவ்வொன்றிலும் அலகு குத்தின ஓட்டை. தன் கூடு போன ஆத்திரத்தில் பக்கத்துக் கூட்டில் புகுந்துவிட்டது. உன் அப்பா பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார், சாப்பிடவும் வரவில்லை. நான் போய், "என்னாலதாங்க ஆச்சு" என்றேன். "நீ பண்ணது சரிதான். கூட்டைக் கலைச்சா மட்டும் போதாது, அந்த ஆளைப் புடிக்கணும். நான்தான் மனசு வராம தள்ளிப்போட்டேன்" என்றார். மார்ட்டின் ஜோடி அன்று சாயங்காலம் கம்பத்தில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தது ரோசானா, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் வெர்னன் வந்தார். கேலி ஒன்றும் இல்லை. கையில் ஒரு பொறி, உள்ளே கால் வைத்தால் வாசல் கதவு விழுகிற மாதிரி அவரே செய்தது. "குருவிங்க என் சோளக் களஞ்சியத்துலதான் வளருது. எனக்கும் பங்கு உண்டு" என்றார். அதைக் குருவி பிடித்து வைத்திருந்த குடுக்கைக்குள் பொருத்தினார்கள், மத்தியானத்துக்குள் கதவு விழுந்துவிட்டது. இறக்கினோம். இரண்டு ஆண்பிள்ளைகளும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பன்றி அறுக்கிற ஆட்கள், ஆனால் இதற்கு ஒருவரும் கை நீட்டவில்லை. நான் கையை விட்டு எடுத்தேன். எத்தனையோ கோழிக்குக் கலங்காத கை, ஆனால் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் தெரிகிறது. வேகமாக முடித்துவிட்டேன். அதுவும் தன் வீட்டுக்காகத்தான் அப்படிச் செய்தது. ஆனாலும் நான் செய்தது தப்பு என்று நினைக்கவில்லை, இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. போய்விடும் என்றே நினைத்தோம். பிறகு ஒரு காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், நம் ஆப்பிள் மரத்திலிருந்து பச்சை இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு ஆண் மார்ட்டின் குடுக்கைக்குள் போகிறது. முட்டைக்குக் கீழே இலை பரப்புவது அதன் வழக்கம் இல்லையா, அதனால் உடனே புரிந்துவிட்டது. ஈரக் கையோடு தொழுவத்துக்கு ஓடினேன், "இலை எடுக்குதுங்க, இலை எடுக்குது" என்று. இந்த முறை நான்கு முட்டை, மூன்று பொரித்தன. தும்பியையும் வண்டையும் நாள் முழுக்கக் கொண்டுவந்து ஊட்டின. மூன்றும் வாசலில் தலையை நீட்டிக்கொண்டு, சபை நம் வீட்டில் கூடின ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு மேலே கத்தின. ஆண்கள் பக்கத்துப் பெஞ்சு முழுக்கச் சன்னலைத்தான் பார்த்தது. மூத்த பிரசங்கியாரே பேச்சை நிறுத்தி, "ஓர்லா, உன் விருந்தாளிங்க முடிக்கட்டும், அப்புறம் நான் பேசறேன்" என்றார்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் எல்லாம் பறந்து போய்விட்டன. குடுக்கைகளை இறக்கிக் கழுவிக் காயவைத்தாயிற்று. உன் அப்பா சத்தமில்லாமல் இருக்கிறார், ஆனால் போன குளிர்காலத்துச் சத்தமில்லாமை மாதிரி இல்லை.

இப்போது முக்கியமான சேதி. பிரசவத்துக்கு நான் மட்டுமாவது வர வேண்டும் என்று எழுதியிருந்தாய், வருகிறேன், அக்டோபர் தொடக்கத்தில் ரயில் ஏறுகிறேன். அதை அப்பாவிடம் சொன்னபோது சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் நேற்று வெர்னன் பெண்டாட்டி என்னிடம், "உங்க வீட்டுக்காரர் மூணு வாரத்துக்குப் பால் கறந்து தரச் சொல்லி எங்க வீட்ல கேட்டுட்டுப் போனாரு, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறாள். தெரியாது. இந்த மாவட்டத்தைத் தாண்டி ராத்திரி தங்காத மனிதர். இன்று காலை கஞ்சி குடித்துக்கொண்டே, தட்டை விட்டுத் தலை தூக்காமல், "அங்க ஆப்பிள் மரம் உண்டா, லைல்கிட்ட ஏணி இருக்குமா?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே ரோசானா, இரண்டு பேர் படுக்கிற மாதிரி கட்டிலைப் போட்டு வை. உன் கடிதத்தை அவர்தான் மேசையில் சத்தமாக வாசிப்பார், அதனால் பதில் எழுதும்போது அம்மா மட்டும் வருவதாகவே எழுது. தானும் வருவதை அவர் வாயால் சொல்லட்டும். கர்த்தர் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும், லைலுக்கு எங்கள் அன்பு.

என்றும் உன்மேல் பாசமுள்ள அம்மா,
லாவினா