ஏப்ரலில் வா

அன்பு மகளே,

கிரீன்லாந்துக்குக் கோடைதான் நல்லது என்று கோபன்ஹேகனில் சொல்கிறார்களாமே. கோடையில் இங்கே கொசுவுக்குத்தான் கொண்டாட்டம். வண்டி இழுக்கும் நாய்கள் வேலையில்லாமல் கட்டுண்டு கிடக்கும். ஏப்ரலில் வா. வெயிலும் இருக்கும், கடல்பனியும் இறுகியிருக்கும். ஹெலிகாப்டர் இறங்கும் இடத்திலிருந்து சறுக்குவண்டியில் நானே கூட்டிவருவேன்.

“இடுப்பு ஒடிஞ்சவன் மகளை வண்டியில கூட்டிவரப் போறானாம்” என்று பக்கத்து வீட்டு நுகாக்கா குளிர்காலம் முழுக்கச் சிரித்தாள். நேற்று கடல்பனியில் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். முதல் திருப்பத்திலேயே உருண்டு விழுந்தேன். ஆளில்லாத வண்டி ஊர் திரும்பினால் ஆயுளுக்கும் கேலிதான். ஆனால் முன்னால் ஓடும் நாய் நின்றுவிட்டது. நான் நொண்டி வந்து ஏறும்வரை மற்ற நாய்களை நகரவிடவில்லை.

வண்டியோடு திரும்பி வந்தபோது கரையில் நுகாக்கா காபியோடு நின்றாள். “சரிய்யா, பொண்ணை வரச்சொல்லு. கேக் நான் சுடறேன்.”

டிக்கெட் எடுத்துவிடு. முதல் திருப்பத்தில் மட்டும் என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

உன் அப்பா