மொட்டை மாடியில் இரண்டு வல்லரசுகள்

மார்ச் 9, திங்கள்

எதிர்வீட்டு ஸ்ரீவித்யா மொட்டை மாடியில் இரண்டு நீல டிரம் இறக்கியிருக்கிறாள். ஒவ்வொன்றும் இருநூறு லிட்டர். எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும்னுதான்" என்றாள். சும்மா யாராவது டிரம் வாங்குவார்களா?

இன்று இரண்டாம் ஆண்டுக்குச் சர்வதேச உறவுகள் வகுப்பு. "அடுத்த நாட்டின் எண்ணத்தை நம்பாதீர்கள், கையில் என்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள். எண்ணம் நாளைக்கே மாறும்" என்று சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து வகுப்பில் ஸ்ரீவித்யா வெளியுறவுக் கொள்கை எடுத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக எங்களுக்கு ஒரே கல்லூரி, ஒரே துறை, போய்வர என் ஸ்கூட்டர்.

மார்ச் 12

ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். எட்டு வீட்டுக்கும் மாடியில் ஒரே பொது டாங்க். யார் முந்திப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு.

பிப்ரவரியில் நானும் அதிலிருந்து குழாய் இழுத்துத் தனியாக ஐநூறு லிட்டர் டாங்க் வைத்தேன்தான். ஆனால் அது வேறு. பார்கவிக்கு இப்போது ஐந்தாம் மாதம், பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லாமல் என்ன செய்வேன்? போன வருடம் கலைந்துபோனது. அதனால் இந்தத் தடவை ஏழாம் மாதம் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என் பெண் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என் டாங்க் வெறும் தற்காப்பு.

மார்ச் 16

டிரம் நான்காகிவிட்டது.

மார்ச் 17

என் குழாய் வால்வுக்குப் பூட்டுப் போட்டேன். சாயந்திரமே அவளும் போட்டுவிட்டாள். என் வீட்டுக்காரர் சந்தானம் சிரிக்கிறார். "ஏன் விசாலம், நீயும் அவளும் ஒரே பாடம்தானே எடுக்கறேள்?"

அதுதானே பயம். நான் படித்த புத்தகத்தையெல்லாம் அவளும் படித்திருக்கிறாள்.

மார்ச் 19, குடி பாட்வா

இந்த ஊர் மராட்டிக்காரர்களுக்குப் புத்தாண்டு. வருடா வருடம் ஸ்ரீகண்ட் இனிப்பு கொண்டுவந்து, உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவாள். இன்று வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். உறவை ஒரு படி இறக்கியிருக்கிறாள், அவ்வளவுதான். டப்பாவைக் கழுவி, வெறும் டப்பாவாகவே திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 24

மோட்டார்! விடிகாலை ஐந்தரைக்கு உர்ரென்று இழுக்கிறது. நானும் வைக்கப்போகிறேன். வைக்காமல்?

மார்ச் 27

நான் ஐந்தேகால். அவள் ஐந்து. நான் நாலே முக்கால்.

கல்லூரிக்கு ரிக்‌ஷாவில் போகிறாள். என் பின்சீட்டில் இப்போது என் பைதான் வருகிறது. அதற்காக மோட்டாரை நிறுத்த முடியுமா? நான் நிறுத்தி அவள் நிறுத்தாவிட்டால்?

மார்ச் 30

பொது டாங்க் வறண்டுவிட்டது. மூன்றாம் மாடி ஆரோக்கியமேரி நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவளுக்குக் குளிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. யூனிஃபார்மோடு வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். "ரெண்டு பேருமே காலேஜ்ல பாடம் நடத்துறீங்க. கீழ ஆறு வீடு இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

நான் ஸ்ரீவித்யாவைக் காட்டினேன். "டிரம் வாங்க ஆரம்பிச்சது இவதான்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நானா? பிப்ரவரில டாங்க் வெச்சது யாருடி? எதுக்குன்னு கேட்டேன். சும்மான்னு சொன்னே. அப்புறம்தான் எனக்கே பயம் வந்தது."

சொன்னேன்தான். இதே வாயால் சொன்னேன்.

மார்ச் 31

ஒருவன் பயந்து கதவை அடைப்பான். அதைப் பார்த்து அடுத்தவனும் பயந்து அடைப்பான். உடனே முதல் ஆளுக்கு, நாம் பயந்தது சரிதான் என்று ஆகிவிடும். செக்யூரிட்டி டைலமா. இருபது வருடமாகப் போர்டில் படம் போட்டு விளக்குகிறேன். அந்த இரண்டு நாடும் எனக்கு எப்போதும் வேறு யாரோதான். சீ, வெட்கமாக இருக்கிறது.

பார்கவியைக் கூப்பிட்டு, ஸ்ரீவித்யாவிடம் மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டேன். முதலில் வேண்டவே வேண்டாம் என்றாள். பிறகு, "ஓகே, வித்யா ஆன்ட்டிக்கு ஒன்லி. வேற யாருக்கும் வேணாம்மா."

ஸ்ரீவித்யா யாரிடமாவது உளறிவிட்டால்?

ஏப்ரல் 3

சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போன வருஷம் ஆஸ்பத்திரில உன்கூட ராப்பகலா யாருடி இருந்தா? என்கிட்டயா மறைச்சே?" அழுதாள். நானும் அழுதேன்.

பேசி முடித்தது: இரண்டு மோட்டாரும் கழற்றியாயிற்று. டிரம்மில் இரண்டு ஆரோக்கியமேரிக்கு. என் டாங்க் குழந்தை வரும்வரை காலியாகவே இருக்கும். என் வால்வுப் பூட்டின் இன்னொரு சாவி அவளிடம், அவளுடையது என்னிடம். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

துணி உலர்த்துகிற சாக்கில் மாடிக்குப் போனேன். அவள் கொடுத்த சாவி நிஜமாகவே அவள் பூட்டுக்குத்தானா என்று போட்டுப் பார்த்தேன். திறந்தது. நிம்மதியாகத் திரும்பினால், என் டாங்க் பக்கத்தில் ஸ்ரீவித்யா. கையில் சாவி.

"தொறக்கறதா?" என்றேன்.

"ம். உனக்கு?"

"தொறக்கறது."

லோஹேகாவ் விமான நிலையத்தில் இறங்கப்போகிற விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. 

"பார்கவிக்கு அடுத்த ஸ்கேன் என்னிக்கு?" என்று கேட்டாள்.

எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு விநாடி தோன்றியது. புதன்கிழமை, பத்து மணிக்கு என்று சொன்னேன்.