கடைசி நிறுத்தத்தில் நான்கு நாட்கள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போன வாரம் நீ போன் செய்தபோது அப்பா ஊர்சுற்றப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாளாம், நீ நம்பவில்லையாம். நிஜம்தான். நானும் விசில் மாமாவும் டிப்போ மெக்கானிக்கும் நான்கு நாள் கடலோரத்தில் இருந்துவிட்டு வந்தோம். எங்கள் பழைய ரூட்டின் கடைசி நிறுத்தம்தான். நான் டிரைவர், மாமா கண்டக்டர் என்று பதினாறு வருஷம் அந்த ஊருக்குப் போய் வந்திருக்கிறோம், ஒரு நாளும் மணலில் கால் வைத்ததில்லை. பத்து நிமிஷத்தில் வண்டியைத் திருப்ப வேண்டும், டீ குடிக்கத்தான் நேரம் இருக்கும்.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. கால் ஓரளவு தேறிவிட்டது, வலது கையும் பேச்சும்தான் இன்னும் வரவில்லை. ஒரு பஸ் கூட்டத்தையே ஒரு அதட்டலில் அடக்கியவர் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கத் தாங்காமல் அவர் வீட்டுப் பக்கம் போவதையே குறைத்திருந்தேன். மெக்கானிக்தான் திட்டினான், "அவன் பேசலேன்னா நீயும் பேச மாட்டியா?" என்று. கடலுக்குக் கூட்டிப் போகிறோம் என்றதும் அத்தை லேசில் விடவில்லை, "ரெண்டு பேரும் சேந்து அவரத் தண்ணில தள்ளிருவீங்க" என்றாள். கடைசியில் மருந்து டப்பாவில் காலை, மாலை என்று எழுதி ஒட்டிக் கொடுத்தாள்.

நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கடல். வேலை ஒன்றும் இல்லை. மெக்கானிக் மட்டும் கை சும்மா இராமல் வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டான். மூன்றாம் நாள் காலை கழிமுகத்தில் படகில் ஏறினோம். படகுக்காரர் எஞ்சினை ஓடவிட்டு, இன்னும் யாராவது வருகிறார்களா என்று கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாமா இடது கையால் பலகையை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்றார். தெளிவாக, அதே பழைய குரல். படகுக்காரருக்கு என்ன தெரியும், அவர் பாட்டுக்குப் படகை எடுத்துவிட்டார். மெக்கானிக் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சொன்னது தான்தானா என்று மாமாவுக்கே சந்தேகம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னோம், வரவில்லை. அத்தைக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தேன், அப்போதும் வார்த்தை இல்லை, சிரிப்புத்தான் வந்தது. "சிரிக்கிறாரா அண்ணா? எத்தன மாசமாச்சு!" என்றாள்.

டாக்டர் கேட்டுவிட்டு, பழகின வார்த்தைதான் முதலில் வரும், விடாதீர்கள் என்றார். இப்போது தினம் சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்து நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லி நடுவில் ஒன்றை விட்டுவிடுகிறேன். இதுவரை "மில் கேட்டு", "பழைய பாலம்" இரண்டும் வந்திருக்கின்றன.

உன்னைப் பற்றியும் நினைத்தேன் கண்ணு. டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் இன்றைக்குக் கடல் என்ன கலர் என்று கேட்பாய். நான் பார்த்தால்தானே, வாய்க்கு வந்த கலரைச் சொல்வேன், நீயும் அதையே நோட்டில் தீட்டி வைப்பாய். அத்தனையும் பொய்யம்மா. கூட்டிப் போயிருக்கலாம். லீவு கிடைக்கும் தேதியை எழுது, வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

குட்டிக்குக் குளிரில் காதை மூடிவிடு. நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே. பதில் எழுத அவர் இடது கையைப் பழக்க வேண்டியிருக்கும். பழகட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா