அம்மா படிக்கப் போகும் படிப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அவருடைய முழங்கால் வலியை அவரே குறையாக நினைக்காததால் நானும் சேர்க்கவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டாய், நான் ஒன்றுமில்லை என்றேன். ஒன்று இருக்கிறது. சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்கு அதற்குமேல் பேச வராது, அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான், உன் அம்மா மறுபடி படிக்கப் போகிறாள். நான்கு மாதத்தில் கோர்ட் வேலையிலிருந்து ஓய்வு, அதன்பிறகு முதுகலைப் பட்டம். என்ன படிப்பு என்றால், கடவுளைப் பற்றிய படிப்பு. அல்லது கடவுளைக் கும்பிடுகிறவர்களைப் பற்றிய படிப்பு. இரண்டில் எது என்று தெரியாமல்தான் ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையில் மூன்று கல்லூரிக் கடிதங்கள் கிடக்கின்றன. எதுவும் கிடைக்காது என்ற தைரியத்தில் மூன்றுக்கும் விண்ணப்பம் போட்டேன், மூன்று பேரும் வா என்று எழுதிவிட்டார்கள். அப்பா அவற்றின்மேல் உப்பு டப்பாவை வைக்கிறார், கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிடுகிறார், "காத்துல ரெண்டு பறந்துட்டா உன் குழப்பம் தீந்துடும்ல" என்கிறார்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்கள் கையில் அட்டையைக் கொடுத்துச் சத்தியம் செய்யவைப்பதுதானே என் வேலை. அட்டை இரண்டு உண்டு. ஒன்றில் கடவுள் சாட்சியாக நான் சொல்வதெல்லாம் உண்மை என்று இருக்கும், கடவுள் வேண்டாம் என்கிறவர்களுக்கு மற்றது, அதில் மனசாட்சிப்படி உறுதி கூறுகிறேன் என்று இருக்கும். முப்பத்தொரு வருடத்தில் கடவுள் அட்டையை ஏழு தடவை மாற்றியிருக்கிறோம், ஓரமெல்லாம் பிய்ந்துபோகும். மற்றது நான் வேலையில் சேர்ந்த அன்று இருந்ததேதான், இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஓர் அடிதடி வழக்கு வந்தது. வாஷிங்மெஷின் ரிப்பேர் செய்கிற ஒருத்தன் பக்கத்து வீட்டுக்காரர் கையை ஒடித்துவிட்டான், அதை நேரில் பார்த்தது அவனுடைய அக்கா மட்டும்தான். சட்டை தைக்கிற கம்பெனியில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள், என் வயதுதான் இருக்கும். கடவுள் அட்டையைக் கொடுத்தேன். பாதி படித்தாள், நிறுத்தினாள், அட்டையை என்னிடமே நீட்டி, "இது வேணாம்மா, அந்த இன்னொண்ணைக் கொடுங்க" என்றாள். நீதிபதி ஏன் என்று கேட்டார். "தம்பிக்காகப் பொய் சொல்லத்தான் வந்திருக்கேன் ஐயா. அதைப் படிச்சுட்டுச் சொன்னா பொய் கோர்ட்டோட போயிடும். இதைப் படிச்சுட்டுச் சொன்னா நான் வீட்டுக்கும் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான், எதைப் படித்துவிட்டுப் பொய் சொன்னாலும் குற்றம்தான் என்றார். நான் மற்ற அட்டையையும் நீட்டினேன், அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடவுள் அட்டையையே முழுதாகப் படித்தாள், தம்பி அடித்ததைப் பார்த்தேன் என்று சொன்னாள், இறங்கினாள். தம்பி தலை நிமிரவில்லை. சாயங்காலம் நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "இத்தனை வருஷமா எல்லாரையும் படிக்க வைக்கிறீங்களேம்மா, நிஜமாவே யாராவது கேட்டுக்கிட்டு இருக்காங்களா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்தவளிடம் கேட்பதுபோல் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "வெளிய போற வழி இடது பக்கம்" என்றேன். அவளும் சரிம்மா என்று எழுந்து இடது பக்கம் போய்விட்டாள். அன்றிலிருந்து அட்டையை நீட்டும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது.

எங்கள் டைப்பிஸ்டிடம் இதைச் சொன்னபோது அவள், "அதுக்குன்னே படிப்பு இருக்கு மேடம், என் நாத்தனார் பொண்ணு படிச்சா" என்றாள். நீ பத்தாவது படிக்கும்போது நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து அஞ்சல் வழியில் ஒரு சரித்திரப் பட்டம் வாங்கினேனே, பதவி உயர்வுக்கு உதவாத அந்தப் பட்டம் இதற்கு உதவும் என்று தெரிந்தது. ஆனால் படிப்பு ஒன்று இல்லை, ஒரு கடையே இருக்கிறது. முதல் கல்லூரி இறையியல், மூன்று வருடம், காலையிலிருந்து மாலைவரை, அதோடு செத்துப்போன இரண்டு மொழிகள் கற்க வேண்டும், உயிரோடிருக்கிற மொழியிலேயே எனக்கு எழுத்துப்பிழை வருகிறது. இரண்டாவது பல்கலைக்கழகத்தில் சமயவியல், இரண்டு வருடம், மாலை வகுப்பு, எல்லா மதத்தையும் தள்ளி நின்று பார்க்க வேண்டும், கடைசியில் ஓர் ஆய்வேடு. மூன்றாவது ஒரு வருடம்தான், ஆற்றுப்படுத்தல் என்று பெயர், ஆஸ்பத்திரியிலும் ஜெயிலிலும் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பழக்குகிறார்கள். அப்பாவுக்கு மூன்றும் ஒன்றுதான், "எல்லாம் சாமி படிப்புதானே, கிட்ட இருக்கிற காலேஜுக்குப் போ" என்கிறார். எங்கள் ஜூனியர் வக்கீல் ஒருத்தர் விளக்கம் சொன்னார், இறையியல் என்பது வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டைப் படிப்பதாம், சமயவியல் என்பது தெருவில் நின்று எல்லா வீட்டையும் படிப்பதாம். கேட்கும்போது புரிந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்தால், நான் உள்ளே இருக்கிறேனா தெருவில் இருக்கிறேனா என்பதே எனக்குத் தெரியவில்லை. வாசற்படியில் நிற்கிறவளுக்கு ஏதாவது பட்டம் உண்டா என்று அவரிடம் கேட்க வேண்டும்.

நேர்முகத் தேர்வுக்கும் போனேன். இறையியல் கல்லூரி முதல்வர் ஓர் அம்மா, அன்றைக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம், மூக்கைத் துடைத்துக்கொண்டே "உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?" என்று கேட்டார். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லு என்று எத்தனை சாட்சிகளை வக்கீல்கள் அதட்டக் கேட்டிருக்கிறேன், என் வாயில் இரண்டுமே வரவில்லை. தெரியலைங்க என்றேன். "பரவாயில்ல, எங்க பசங்க ரெண்டாம் வருஷத்துல சொல்றதை நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, நான் வழிபடும் இடத்திலிருந்து ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார். அங்கே போனால் பொறுப்பிலிருக்கும் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், நான் போய் நான்கு வருடமாகிறதே. பேனாவைத் திறந்து "இவரை எனக்குத் தெரியும்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, "மத்ததை நான் எப்படிம்மா எழுதுறது" என்றார். அதுவும் நியாயம்தான். பல்கலைக்கழகப் பேராசிரியர் சின்ன வயசு, அலமாரியில் புத்தகத்துக்கு நடுவில் சைக்கிள் ஹெல்மெட் இருந்தது. "இங்க நம்பிக்கையை வாசல்ல கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள வரணும், முடியுமா?" என்றார். கழட்டுவதற்கு ஏதாவது போட்டிருக்கிறேனா என்பதே தெரியவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். இங்கேயும் இடம் கிடைத்துவிட்டது, தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு இப்படி ஒரு மரியாதை இருப்பது தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே சொல்லியிருப்பேன். அப்பா முதலில் சிரித்தார். மூன்றாம் நாள் தான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் என் கண்ணைச் சோதித்து, படிப்பதற்கென்று ஒரு கண்ணாடி தன் கையாலேயே தேய்த்துக் கொடுத்தார். "எதைப் படிச்சாலும் எழுத்து பொடிசாத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான் அவர் சம்மதம்.

இதுவரை எழுதியது சிரிக்கலாம் பாப்பா. இனிமேல் எழுதுவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். மூன்று வாரம் முன்னால் உன் அத்தை மகன் வந்திருந்தான், நாம் உருளை என்று கூப்பிடுவோமே, அவன்தான். சாப்பிட்டு முடித்து, பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில், அப்பாவின் கடையில் லென்ஸ் அளக்கிற மெஷின் உடைந்ததே, நினைவிருக்கிறதா என்று கேட்டு, "அது நான்தான் மாமா, பந்தை எறிஞ்சேன், நேரா அதுமேல போய் விழுந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தான். அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பதிமூன்று வருடம். அன்றைக்கு நீயும் கடையில் இருந்தாய் என்பதால், அப்பாவின் வேலை போய்விடும் என்ற பயத்தில் உன்னைச் சமையலறையில் நிற்க வைத்து, கடவுள்மேல் சத்தியம் செய்து சொல் என்றேன். நீ செய்தாய், "சத்தியமா நான் தொடலைம்மா" என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்து, "தினமும் நாப்பது பேர் என்கிட்ட இப்படித்தான் சொல்றாங்க" என்றேன். நீ அழவில்லை, உன் அறைக்குப் போய்விட்டாய். அதன்பிறகு நீ எங்களோடு வழிபாட்டுக்கு வரவில்லை, இந்த வீட்டில் கடவுள் என்ற சொல்லையே நீ எடுத்ததில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பரீட்சை, படிப்பு என்று நான் சமாளித்தேன். அந்தச் சமையலறைதான் காரணம் என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் நீ பொய்தான் சொன்னாய் என்றே நினைத்திருந்தேன், பொய் சொன்ன வெட்கத்தில்தான் வருவதில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கூண்டில் ஏறிய எத்தனையோ பொய்யர்களுக்கு அட்டையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறேன். உண்மை சொன்ன பிள்ளையை மட்டும் குறுக்கு விசாரணை செய்தேன்.

உருளை போனபிறகு அப்பா டிவியை அணைத்தார். "அவளுக்குப் போன் பண்ணு" என்றார். என்னால் முடியவில்லை. அதிலிருந்து குழப்பம் இன்னும் அதிகமாகிவிட்டது, நான் கேட்க நினைத்தது மேலே யாராவது கேட்கிறார்களா என்றா, இல்லை கீழே நான் காது கொடுத்துக் கேட்டேனா என்றா. இதற்கு இறையியலில் பதில் இருக்குமா, சமயவியலில் இருக்குமா என்று யாரிடம் போய்க் கேட்பது. இன்று காலை பல்கலைக்கழகச் சேர்க்கைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன், மாலை வகுப்பு என்பதால் அப்பாவுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போகலாம், அதற்குமேல் பெரிய காரணம் இல்லை. கடைசிப் பக்கத்தில் இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டு அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். "என் மகள் சொன்ன உண்மையை நான் நம்பவில்லை. நம்புவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று இரண்டு வரி எழுதினேன், மற்றதைக் காலியாக விட்டுவிட்டேன். தபாலில் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே இறையியல்தான் சரியோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை, அடிக்க வருவார்.

நீ பதில் எழுதும்போது எந்தப் படிப்பு நல்லது என்று எழுத வேண்டாம். பரவாயில்லைம்மா, மறந்துட்டேன் என்றும் அவசரப்பட்டு எழுதிவிடாதே. கோபம் இருந்தால் கோபத்தை எழுது, ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதையே எழுது. நீ என்ன எழுதினாலும் நம்புவேன்.

கடைவாய்ப் பல்லை இந்த மாதமாவது டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போட்டால் அது தானாகச் சரியாகாது. அப்பா தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னார். நானும் வழக்கம்போல் கடவுள் துணை என்று எழுதப் போனேன், பாதியில் பேனா நின்றுவிட்டது. அதனால் இந்தத் தடவை என் பொறுப்பிலேயே சொல்கிறேன், நீ நன்றாக இருப்பாய்.

உன்னை இவ்வளவு தாமதமாக நம்பிய,
அம்மா